அக்கா அறையில் நிற்கும் சேவல்

மாப்பிள்ளையூரணி
நவம்பர் 2, ஞாயிறு

பிரியமுள்ள பானு அக்காவுக்கு, உன் தங்கை இந்துமதி வணக்கத்துடன் எழுதுவது.

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். கண்ணால் பார்த்ததைப் பார்த்தேன் என்றும், நானாக நினைப்பதை நினைக்கிறேன் என்றும் தனித்தனியாகச் சொல்லிவிடுவேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். இங்கே அம்மா ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுகிறாள். அங்கே நீ அத்தான் கடையில் நின்றுகொண்டு, மும்பைத் தெரு முழுவதும் கேட்கப் பேசுகிறாய். அது போகட்டும். வியாழக்கிழமை அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். "போன்ல அவகிட்ட மூச்சு விடப்படாது, கேட்டியா? வயித்துப் பிள்ளைக்காரி காதுல சாவுச் சங்கதி விழப்படாது, கோழிச் சாவா இருந்தாலும் சரி" என்றாள். போனில் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். கடிதத்தைப் பற்றி அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா, நம் கோழிகள் செத்துக்கொண்டிருக்கின்றன. உன் பேறுகாலத்துக்கென்று அம்மா வளர்த்தவை பத்தொன்பது. பிள்ளை பெற்ற உடம்புக்கு நாற்பது நாளும் வீட்டுக் கோழிச் சாறுதான், கடைக்கறி வாசல்படி ஏறக்கூடாது என்று சித்திரையிலிருந்தே பொத்திப் பொத்தி வளர்த்தாளே, அவைதான். இன்று காலை எண்ணினேன். பதினொன்று இருக்கின்றன.

முதலில் போனது சாம்பல் பெட்டை, புதன்கிழமை. செவ்வாய் சாயங்காலம் குருணை போட்டபோது எல்லாம் ஓடிவந்தன, அது மட்டும் முருங்கை மூட்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. "கோழி தூங்குதுளா, சீக்கு வந்துட்டு" என்று அம்மா அப்போதே சொல்லிவிட்டாள். மஞ்சள், மிளகு, சின்ன உள்ளி, கீழாநெல்லி எல்லாம் அரைத்து உருட்டி வாயில் தள்ளினாள். காலையில் கூட்டைத் திறந்தால் கழுத்து முதுகுப்பக்கம் திருகியபடி விறைத்துக் கிடந்தது. வியாழனன்று இரண்டு. வெள்ளியன்று ஒரு பெட்டை பின்னாலேயே நடந்தது. நம்ப மாட்டாய், பின்னாலேயே நடந்து தண்ணீர்த் தொட்டியில் இடித்து விழுந்தது. தம்பி இருந்திருந்தால் சிரித்திருப்பான் என்று நினைத்தேன், பிறகு நமக்குத் தம்பியே கிடையாது என்று ஞாபகம் வந்தது. பயத்தில் மனது ஏதேதோ நினைக்கிறது.

பள்ளி நூலகத்தில் கோழி வளர்ப்பு பற்றிய பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல், மூச்சிரைப்பு என்று நம் வீட்டில் நடப்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் இரண்டு வெவ்வேறு நோய்களுக்கு அதே அடையாளங்களைப் போட்டிருக்கிறார்கள். ஒன்று கோழியோடு நின்றுவிடுமாம். இன்னொன்றைப் பற்றிய பக்கத்தைக் கரையான் தின்றிருக்கிறது.

மற்ற செய்திகள். மழை விட்டு விட்டுப் பெய்கிறது, உப்பளத்தில் வேலை நின்றுவிட்டது. அப்பா உன் அறைக்கு இளநீலத்தில் வெள்ளையடிக்க ஆள் விட்டிருக்கிறார். நீ படுக்கும் கட்டிலுக்குப் புதுக் கயிறு பின்னியாயிற்று.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. போன ஞாயிறு அம்மா ஏரலுக்குப் போய் மாடனுக்கென்று ஒரு சேவல் வாங்கிவந்தாள். கறுப்பும் சிவப்புமாக, கொண்டை அப்படியே செம்பருத்திப் பூ. போன வருஷம் உனக்குக் கலைந்துபோனதே, அதிலிருந்து அம்மா மாடன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அழுகிறாள். இந்த முறை பிள்ளை நல்லபடியாகத் தங்க வேண்டும் என்று நேர்ந்திருக்கிறாள். நீ வந்ததும் அதை உன் மடியில் வைத்து, தலையைச் சுற்றி, உன் கையாலேயே கொடுக்க வேண்டுமாம். அதுவரை அதை அறுக்கவோ விற்கவோ கூடாது. இத்தனை கோழி சாகும்போதும் அது மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூவுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கும் அத்தைக்கும் என் வணக்கம்.

உன்
இந்து

*

மாப்பிள்ளையூரணி
நவம்பர் 8, சனி

பிரியமுள்ள அக்காவுக்கு,

என் கடிதம் உனக்குக் கிடைத்துவிட்டது என்று வியாழக்கிழமை நீ பேசியதிலிருந்தே தெரிந்துகொண்டேன். "கோழி செத்தா கெடக்கட்டும்மா, கடையில வாங்கிக்கலாம்" என்றாய். "செத்துச்சுன்னு யாரு சொன்னா?" என்று அம்மா கேட்டதும், "யாரும் சொல்லல, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்று சமாளித்தாய். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வரலாற்றுப் புத்தகத்தைத் தலைகீழாக வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

நீ சிரித்தாய் அக்கா. அதனால்தான் மறுபடியும் எழுதுகிறேன். நான் போன கடிதத்தில் எழுதிய விதம் சரியில்லை. முக்கியமானதைக் கடைசியில் நல்ல செய்தி என்று எழுதிவிட்டேன்.

பதினொன்றும் போய்விட்டன. மூன்று நாளில் கூடு காலி.

செவ்வாயன்று கால்நடை மருந்தகத்திலிருந்து இனிகோ அண்ணன் வந்தார். பக்கத்து வீட்டுக் கிருபை அத்தைதான் சொல்லி அனுப்பினாள். மற்ற நாளென்றால் வண்டியை நிறுத்திவிட்டு நேரே அடுக்களை வாசல் வரை வந்து காப்பி கேட்பவர், அன்று வெளிவாசலைத் தாண்டவில்லை. முகக்கவசத்தின் மேல் இன்னொரு முகக்கவசம் போட்டிருந்தார். பஞ்சு சுற்றிய குச்சியால் செத்த கோழியின் தொண்டையில் தடவி ஒரு குப்பியில் போட்டுக்கொண்டார். சென்னைக்குப் போய் முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாம். செத்ததை ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், எதையும் தின்னக்கூடாது, உயிரோடு இருப்பது எதுவானாலும் தன்னிடம் காட்ட வேண்டும் என்றார். உப்பளத்துக்கு வெளிநாட்டுப் பறவைகள் வந்திருக்கின்றனவா, காக்கை எங்காவது செத்துக் கிடந்ததா என்றும் கேட்டார். கடைசியில் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "வீட்ல மாசமா இருக்கவங்க யாரும் உண்டாக்கா?" என்றார். அம்மா, "இல்லை தம்பி" என்றாள். அன்றைக்கு அது உண்மைதான்.

தின்னக்கூடாது என்று அவர் சொன்னது காலம் தாழ்ந்து வந்த பேச்சு. அதற்கு முந்தின நாளே புள்ளிப் பெட்டை தூங்க ஆரம்பித்தவுடன், "செத்துப்போனா மண்ணுக்கு, இப்பவே அறுத்தா சட்டிக்கு" என்று அம்மா அறுத்துக் குழம்பு வைத்துவிட்டாள். அறுத்தது அம்மா, மயிர் பிடுங்கியது நான். நானும் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். இனிகோ அண்ணன் உயிரோடு இருப்பது ஏதாவது உண்டா என்று கேட்டபோது அம்மா கூட்டைக் காட்டினாள். சேவலைக் காட்டவில்லை. அது அப்போது நம் வீட்டில் இல்லை. நம் கோழிச் சீக்கு மாடன் சேவலுக்கு ஒட்டிவிடக்கூடாது என்று வெள்ளிக்கிழமையே அதைக் கிருபை அத்தை வீட்டுப் புறவாசலில் கொண்டுபோய்க் கட்டியிருந்தாள். போன கடிதம் எழுதும்போது அது மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்துதான் கூவிக்கொண்டிருந்தது. "சர்ச்சுக்குப் போறவ வீட்ல உங்க மாடனுக்கு விருந்தாக்கும்! போதகர் கேட்டா நான் என்ன சொல்ல?" என்று கிருபை அத்தை சிரித்துக்கொண்டேதான் அதைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு நான்கு கோழிகள் உண்டு. திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் ஒன்று. இப்போது அவள் சிரிப்பதில்லை. புதன்கிழமை மதியம் சேவலைக் கொண்டுவந்து நம் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். சேவல் நம் வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் முதல் கோழி போனது. கிருபை அத்தை வீட்டுக்குப் போய் மூன்றாம் நாள் அங்கே முதல் கோழி போனது. இது பார்த்தது. ஏரலிலிருந்து சீக்கைக் கொண்டுவந்ததே அந்தச் சேவல்தான், சேவலைச் சீக்கு சாய்க்கவில்லை, அதன் பக்கத்தில் நிற்பதையெல்லாம் சாய்க்கிறது. இது நான் நினைப்பது.

அம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அத்தனையும் விழுந்து இது ஒண்ணு மட்டும் நிக்குதுல்லா? ஏன் நிக்குது? மாடன் நிக்கான்னு அர்த்தம். உங்கக்கா வயித்துப் பிள்ளைக்கு வந்ததை இந்தக் கோழி எல்லாம் வாங்கிட்டுப் போயிருக்கு. படிச்ச திமிருல சாமி கோழியைப் பழிக்காதளா" என்றாள். நானும் மாடனைக் கும்பிடுகிறவள்தான் அக்கா. ஆனால் மாடன் கோழிக்குள் வந்து நிற்பார் என்றால், அதன் எச்சம் ஏன் பச்சையாக இருக்கிறது?

அந்த எச்சத்தைத் தினமும் கூட்டுகிறவள் நான். எங்கே தெரியுமா? உன் அறையில். வெளியே காற்றுப் படக்கூடாது, வேறு கோழி வாடை படக்கூடாது என்று புதிதாக வெள்ளையடித்த உன் அறையில், உன் கட்டில் காலுக்குப் பக்கத்தில், பஞ்சாரம் போட்டு மூடி வைத்திருக்கிறாள். இறகடிக்கும்போது பறக்கும் தூசி உன் மெத்தையில் படிகிறது. விரலால் தடவிப் பார்த்தேன்.

இருபதாம் தேதி டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று அத்தானிடம் கேள். மாமியார் உடம்பு சரியில்லை, மழை அதிகம், எந்தக் காரணம் வேண்டுமானாலும் சொல். நான் எழுதியதாக மட்டும் சொல்லாதே.

உன்
இந்து

*

மாப்பிள்ளையூரணி
நவம்பர் 14, வெள்ளி

என் அக்காவுக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வராதே.

காரணத்தை இதற்குப் பிறகு நிதானமாகப் படி. படிக்க முடியாமல் யாராவது கூப்பிட்டால் அந்த ஒரு வார்த்தை போதும்.

செவ்வாய்க்கிழமை சத்தியத்தை மீறிவிட்டேன். கிருபை அத்தை போனை வாங்கி உங்கள் கடைக்குப் பேசினேன். அத்தான்தான் எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல். "கோழிக்காகவா டிக்கெட்டை மாத்தச் சொல்லுத? ஏ கொழுந்தியா, உனக்குப் பரீட்சை வரலையா?" என்று சிரித்தார். உன்னிடம் சொல்வதாகச் சொன்னார். சொன்னாரா? சொல்லியிருந்தால் நீ பேசியிருப்பாய்.

அதற்கு முன்பே நான் வேறொரு காரியம் செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா கொஞ்சம் கண் அயர்ந்த நேரம். சேவலைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழைத் தூறலில் மாடன் கோயிலுக்கு நடந்தேன். நீ வருவதற்குள் அதை மாடனிடம் கொடுத்துவிட்டால் நேர்ச்சையும் தீரும், உன் அறையும் காலியாகும் என்று கணக்குப் போட்டேன். அறிவாளித்தனமாகச் செய்கிறோம் என்று பெருமையாகக்கூட இருந்தது. சேவல் சத்தமே போடவில்லை. அதன் நெஞ்சு என் கைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. வழியில் இரண்டு இடத்தில் உதறிக்கொண்டு இறங்கியது. ஒரு முறை முத்துமணி அத்தை வீட்டுக் களத்தில் மேய்ந்த கோழிகளுக்கு நடுவே ஓடி நின்றது, பிடித்துக்கொண்டு போனேன்.

பூசாரி சொரிமுத்துத் தாத்தா துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஏளா, இது உங்கக்காவுக்கு நேர்ந்ததுல்லா? அவ மடியில இருந்து இறங்கி வரணும். நீ கொண்டாந்து நீட்டினா, நீ யாருட்டின்னு மாடன் கேக்க மாட்டானா?" என்றார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். என்னையும் சேவலையும் அவரே வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உன் கூடப் பிறந்தவளுக்கே நீ இப்படிச் செய்வியா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். நான் மறுபடி தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று, அன்றிலிருந்து உன் அறையிலேயே, பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிறாள். கதவையும் உள்ளே சாத்திக்கொள்கிறாள்.

அவள் அங்கே படுப்பது என்னால்தான் அக்கா. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை முத்துமணி அத்தை வீட்டில் ஏழு கோழிகள். வியாழக்கிழமை, சேவல் இரண்டாவதாக இறங்கிய முக்குக் கடை வீட்டில் வான்கோழியும் அதன் குஞ்சுகளும். நான் நடந்த தெருவை நோட்டில் வரைந்து, செத்த வீடுகளுக்குப் புள்ளி வைத்தேன். என் காலடித் தடத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. பக்கத்தைக் கிழித்துவிட்டேன். இன்று காலை கோயில் வேம்புக்குக் கீழே மூன்று காக்கைகள் கிடந்ததாகப் பால்காரர் சொன்னார். ஊரில் இப்போது விடியற்காலையில் ஒரு சேவல்தான் கூவுகிறது. அது உன் அறையிலிருந்து கூவுகிறது.

அம்மாவுக்குப் புதன்கிழமையிலிருந்து காய்ச்சல். முதலில் மழையில் நனைந்த காய்ச்சல் என்றாள். நேற்றிலிருந்து கண் இரண்டும் சிவந்து நீர் வடிகிறது. மூச்சு விடும்போது, ஈரத்துணியைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம் வருகிறது. அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டது மனிதரிடம் இல்லை. டாக்டர் மாத்திரை கொடுத்து, குறையாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றிருக்கிறார். அம்மா அசைய மறுக்கிறாள். "நான் போயிட்டா இந்தச் சேவலை நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? எம்மவ வந்து கையில வாங்கட்டும், அப்புறம் எங்கன வேணும்னாலும் வாரேன்" என்கிறாள்.

அப்பா கடை திறக்கவில்லை. உனக்குப் போன் போடுங்கள் என்று நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "இப்ப சொன்னா அவ பயந்து போன வருசம் மாதிரி ஆயிட்டா யாரு பதில் சொல்ல?" என்கிறார். மதியம் இனிகோ அண்ணனிடமிருந்து அவருக்குப் போன் வந்தது. அப்பா, "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்த பிறகு, நாளைக் காலையில் பெரிய அதிகாரிகள் எல்லாம் வருகிறார்கள், அதுவரை வீட்டிலிருந்து யாரும் வெளியே போகக்கூடாதாம், யாரும் உள்ளே வரக்கூடாதாம் என்றார். சீக்கின் பெயர் என்னவென்று கேட்டேன். "பேரு சொல்லல" என்று சொல்லிவிட்டு முகத்தைக் கழுவப் போனார். வெகு நேரம் கழுவினார்.

எனக்கு ஒன்றுமில்லை. நெற்றி கொஞ்சம் சூடாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நனைந்ததால் இருக்கலாம். இது நான் நினைப்பது. கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னித்துக்கொள், வரிகள் சேர்ந்து சேர்ந்து தெரிகின்றன.

இந்தக் கடிதத்தை மதிலுக்கு மேலாக வாங்கித் தபாலில் சேர்ப்பதாகக் கிருபை அத்தை சம்மதித்திருக்கிறாள். பாலித்தீன் பைக்குள் போட்டு நீட்டச் சொன்னாள். நீயும் படித்து முடித்ததும் வைத்துக்கொள்ளாதே. அடுப்பில் போட்டுவிடு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவு. அதற்குப் பிறகுதான் வயிற்றைத் தொட வேண்டும்.

அம்மா உன்னிடம் போனில் அழுது கூப்பிடுவாள். நாளை அல்லது நாளை மறுநாள் அப்பாவே கூப்பிட்டாலும் கூப்பிடுவார். அம்மாவைக் கடைசியாக ஒரு முறை வந்து பார் என்றுகூட யாராவது சொல்லலாம். அப்போதும் வராதே. பிள்ளையை அங்கேயே பெற்றுக்கொள். அத்தை கடைக்கோழிச் சாறு வைத்துக் கொடுத்தால் குடித்துக்கொள், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. பெண்ணாக இருந்தால் நல்ல பள்ளிக்கூடத்தில் போடு. அதற்குக் கதை சொல்ல ஆள் வேண்டுமென்றால், சித்தி ஒருத்தி நிறையப் படிப்பாள் என்று சொல்லு.

நீயும் அந்தக் குட்டியும் நூறு வருஷம் நன்றாயிருக்க வேண்டும். மாடனிடம் அதைத்தான் கேட்டேன். சேவல் இல்லாமலே கேட்டிருக்கிறேன். கொடுப்பார்.

உன் மடியில் எதுவும் வந்து உட்காரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும்,
உன் தங்கை
இந்துமதி

உறையை ஒட்டுவதற்குள் இன்னும் ஒரு வரி. மணி ஆறரைதான் ஆகிறது. வெளிச்சம் கண்ணில் ஊசியாகக் குத்துகிறது என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். அப்பா ஒவ்வொரு அறையாகப் போய் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டார். அணைத்த பிறகு எனக்கும் கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கிறது.